ஒரு சத்தம் கூடப் போடலை

காது மிஷின் பொருத்துறது என் தொழில். காது கேக்காதவங்க மேல எனக்கு எப்பவும் ஒரு பாசம் உண்டு. கேட்டுக்கிட்டே கேக்காத மாதிரி இருக்கிறவங்களைக் கண்டாத்தான் பத்திக்கிட்டு வரும். என் அண்ணன் அந்த ரகம்.

"கீழ்த்தளத்தை கேம் ரூமா மாத்திட்டேன், ஒரு நடை வந்து பாரேன்"னு போன்ல கெஞ்சினான். "பெரிய திரை, ஸ்பீக்கர், எல்லாம் போட்டாச்சு. மைக்லதான் ஏதோ கோளாறு. நீ சத்தத்தைப் பத்திப் படிச்சவ, வந்தா கண்டுபிடிச்சிடுவே."

கீழ்த்தளம்னா தரைக்கு அடியில இருக்கிற அப்பா ரூம். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கிட்ட பிறகு அவரை அங்கதான் படுக்க வெச்சிருந்தாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்னு எவ்வளவோ சண்டை போட்டுப் பாத்தேன். "பையன்னு ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், ஊரு என்னைக் காறித் துப்பாதா?"ன்னு அண்ணன் விடலை. ஊரு துப்பக்கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு. வர்ற விருந்தாளிங்க கண்ணுல படாம அவரைக் கீழே வெச்சுக்கிட்டான்.

போன மழைக்காலத்துல ஒரு சாயங்காலம் அப்பாகிட்ட பேசலாம்னு போன் பண்ணினேன். அண்ணன் வீட்டுல அன்னிக்கு விருந்து. பின்னாடி ஒரே சிரிப்பும் கும்மாளமும். அதுக்கு நடுவுல பெல் வேற, டிங்டாங் டிங்டாங்னு விடாம அடிச்சுக்கிட்டிருந்துச்சு. "வாசல்ல யாரோ நிக்கிறாங்க, போய்த் திற"ன்னேன். "இரு"ன்னு போனான். பெல் நின்னுச்சு. திரும்பி வந்து, "அப்பா தூங்கிட்டாரு, நாளைக்குப் பேசு"ன்னான்.

மறுநாள் விடியக்காலையில அவனே கூப்பிட்டான். "தூக்கத்துலயே போயிட்டாரு. நிம்மதியான சாவு. ஒரு சத்தம் கூடப் போடலை."

யாருக்குக் காது குத்துறான்னு அப்பவே தோணுச்சு. எங்கப்பா தும்மினா தெருக்கோடிக்குக் கேக்கும். ஆனா வீடு நிறைய சனம் அழுதுக்கிட்டிருக்கும்போது அதையெல்லாம் எப்படிக் கேக்கிறது? அப்பா எப்படிச் செத்தாரு, ஒத்தக் கேள்வி. அது தொண்டையிலயே நின்னுடுச்சு. இன்னிக்கு அதைக் கேட்டுடணும்னுதான் கிளம்பினேன். அவன் மைக் எக்கேடு கெட்டா எனக்கென்ன.

நான் போனப்ப நல்ல மத்தியானம். அண்ணிதான் கதவைத் திறந்தாங்க. கண்ணுக்குக் கீழே கருவளையம். "வாங்க, இப்பதான் வழி தெரிஞ்சுதா?"ன்னு சிரிச்சாங்க, ஆனா சிரிப்பு பாதியில நின்னுடுச்சு.

சமையலறைச் சுவத்துல அந்த வெள்ளைப் பெல் பெட்டி இன்னும் மாட்டியிருந்துச்சு. அப்பாவுக்காக நான் வாங்கி அனுப்பினது. கம்பி கிடையாது. கீழே கட்டில்கிட்ட ஒரு பட்டன், மேலே இந்தப் பெட்டி. அவரு பட்டனை அமுக்கினா இங்க அடிக்கும், யாராவது இறங்கிப் போகணும்.

"நீங்களும் கீழே வாங்களேன் அண்ணி."

"அய்யோ, நான் வரலைங்க. அங்க போனாலே எனக்கு மூச்சு முட்டும்." திரும்பி அடுப்பைப் பாத்துக்கிட்டாங்க. அடுப்புல ஒண்ணுமே இல்லை.

அண்ணன் வந்து முன்னால நடக்க, கீழே இறங்கினேன். மேலே அவ்வளவு வெயில், பாதிப் படியிலேயே அது நின்னுடுச்சு. கதவு புதுசு, நல்ல கனம், ஓரம் பூரா ரப்பர் பட்டை. அண்ணன் தோளைக் கொடுத்துச் சாத்தினதும் காதுக்குள்ள காத்து அடைச்சுக்கிட்டுது.

சுவரு முழுக்கக் கறுப்பு ஸ்பான்ச். காலுக்குக் கீழே தடிமனான கம்பளம். திரையைச் சுத்தி நீலமா ஒரு விளக்கு. அந்த வெளிச்சத்துல அண்ணன் முகம் நல்லாவே இல்லை. பசை வாசனை, புது பெயின்ட் வாசனை, அதுக்கெல்லாம் அடியில இன்னொரு வாசனையும் இருந்துச்சு.

அப்பா காலுக்குத் தேய்க்கிற தைலம்.

கட்டில் கிடந்த அதே இடத்துல மோட்டார் வெச்ச சாய்வு நாற்காலி ஒண்ணு போட்டிருந்தான். அதோட கைப்பிடியில அப்பாவோட பெல் பட்டனை ஒட்டி வெச்சிருந்தான்.

"காபி வேணும்னா ஒரு அமுக்கு, அவ கொண்டு வந்துடுவா,"ன்னான் பெருமையா. "இந்த ஸ்பான்ச் இருக்கே, உள்ளே கொலையே நடந்தாலும் மேலே கேக்காது."

"முன்னாடி மட்டும் கேட்டுக் கிழிச்சுதாக்கும்."

அவன் சிரிக்கலை. நானும் சிரிக்கிறதுக்காகச் சொல்லலை.

மூலையில மைக் டப்பாங்க அடுக்கிக் கிடந்துச்சு, எல்லாம் பிரிச்ச டப்பா. "மைக் கடை வைக்கப் போறியா அண்ணா?"ன்னு கேட்டேன். "எதை வாங்கினாலும் அதே கோளாறு"ன்னு மென்னு முழுங்கினான். அவனுக்கு ஏதோ தெரியும், சொல்ல மாட்டேங்கிறான்னு அந்த நிமிஷமே புரிஞ்சுபோச்சு.

ஹெட்செட்டைத் தலையில மாட்டிக்கிட்டு ஆட்டத்தைப் போட்டான். கூட ஆடுறவங்க எங்கெங்கயோ இருக்கிறவங்க, நேர்ல பாத்ததே கிடையாது. ஒருத்தன் பேரு பூனை. இன்னொருத்தங்களை டீச்சர்னு கூப்பிட்டாங்க, நிஜமாவே டீச்சராம். எனக்கும் கேக்கட்டும்னு அவங்க பேச்சை ஸ்பீக்கர்ல விட்டான். திரையில துப்பாக்கி வெடிச்சுது. இவன் "இடது பக்கம், இடது பக்கம்"னு கத்தினான். அப்பறம் ரெண்டு பேரும் திடீர்னு ஆடுறதை நிறுத்திட்டாங்க.

"பாஸ்..." பூனை இழுத்தான். "ஆட்டம் எங்க ஓடிடப் போகுது? முதல்ல பின்னாடி அவருக்குத் தண்ணி குடுத்துட்டு வாங்க. நாங்க லைன்ல இருக்கோம்."

நான் திரும்பிப் பாத்தேன்.

யாருமில்லை. கறுப்புச் சுவரு, மூடின கதவு.

"யாருக்கு?"ன்னு அண்ணன் கேட்டான். குரல் எழும்பலை.

"உங்க வீட்டுப் பெரியவருக்குத்தான்,"ன்னாங்க டீச்சர். கோவமாத்தான் சொன்னாங்க. "தப்பா நினைக்காதீங்க. தினமும் கேக்கிறோம். நீங்களும் தினமும் மைக் சரியில்லைங்கிறீங்க. ஒரு வாய் தண்ணிக்கு ஒரு மனுஷரை இப்படியா கெஞ்ச விடுறது?"

அண்ணன் கை ஸ்பீக்கரை அணைக்கப் போச்சு. தட்டி விட்டேன். ஹெட்செட்டை அவன் தலையிலேருந்து பிடுங்கி நான் மாட்டிக்கிட்டேன். நம்ம மைக்ல போற சத்தம் நமக்குத் திரும்பி வராது, எதிர்முனையில இருக்கிறவங்களுக்குத்தான் கேக்கும். அது தொழில்ல எனக்குத் தெரிஞ்ச சங்கதி. தெரிஞ்சும் என் காதை அப்படித் தீட்டிக்கிட்டேன். நான் எச்சில் முழுங்கின சத்தம்தான் கேட்டுச்சு. முன்பின் தெரியாத ஒரு பூனைக்குக் கேக்குது, பெத்த பொண்ணுக்குக் கேக்கலை. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

"தம்பி, நான் அவரு பொண்ணு. அவரு என்ன சொல்றாரு? அப்படியே சொல்லுங்க."

"தண்ணிங்கிறாருக்கா. நாக்கு கொஞ்சம் குழறுது." பூனை குரலைத் தணிச்சுக்கிட்டான். "அப்பறம் இன்னொண்ணும் சொல்றாரு. 'பெல் அமுக்குறேனே, கேக்கலையா'ங்கிறாரு. திருப்பித் திருப்பி அதையேதான் சொல்றாரு."

பெல்.

டிங்டாங் டிங்டாங்னு விடாம அடிச்ச பெல். நான் 'போய்த் திற'ன்ன பெல். இவன் 'இரு'ன்னு போனதும் நின்னுபோன பெல்.

"அன்னிக்கு வாசல்ல யாரும் வரலை, இல்லையா?"

அண்ணன் நாற்காலியை விட்டு எந்திரிச்சு விலகி நின்னான்.

"சொல்லு அண்ணா. என்ன பண்ணினே?"

"விருந்தாளிங்க இருந்தாங்க." தரையைப் பாத்துக்கிட்டே சொன்னான். "அடிச்சுக்கிட்டே இருந்தாரு. எல்லாரும் என்னையே பாத்தாங்க, மானம் போச்சு. பேட்டரியைக் கழட்டி வெச்சேன். சாப்பிட்டு முடிச்சதும் மாட்டிடலாம்னுதான்... மறந்துட்டேன். காலையில வந்து பாத்தப்ப பட்டன் மேல விரலை வெச்சபடி கிடந்தாரு."

"ஒரு சத்தம் கூடப் போடலைன்னியே, பாவி!"

"மேலே கேக்கலை,"ன்னான். "சத்தியமா மேலே எதுவும் கேக்கலை."

அவனை அறையணும்னு கை ஓங்கினேன். அதுக்குள்ள ஸ்பீக்கர்ல டீச்சர் மெதுவாப் பேசினாங்க.

"ஏம்மா, உங்க பக்கத்துல யாரு?"

"எங்கண்ணன்."

"அவர் இல்லைம்மா. மைக்குக்கு ரொம்பக் கிட்ட ஒரு மூச்சு கேக்குது. உங்க மூச்சுன்னுதான் நினைச்சேன்."

கொஞ்சம் நிறுத்தினாங்க.

"நீங்க பேசும்போதும் அது நிக்கலையே."

மைக் என் வாய்க்கு விரக்கடை தூரத்துல இருந்துச்சு.

தைல வாசனை மூக்குல ஏறிச்சு.

சாய்வு நாற்காலி மோட்டார் தானா முனகுச்சு. கால்பலகை மெல்ல மெல்ல மேலே வந்துச்சு. கால் வராத ஒருத்தர் படுத்த மாதிரி, இடது பக்கம் மெத்தை அமுங்குச்சு.

அண்ணன் அலறிக்கிட்டு கதவுகிட்ட ஓடினான். இழுத்தான். ரப்பர் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அசைய மாட்டேன்னுச்சு. குத்தினான், உதைச்சான், அண்ணி பேரைச் சொல்லிக் கத்தினான். அவன் பாத்துப் பாத்து ஒட்டின ஸ்பான்ச் அத்தனையையும் முழுங்கிடுச்சு. திரும்பி ஓடி வந்து, நாற்காலியைத் தொடாம கையை மட்டும் நீட்டி, பெல் பட்டனை அமுக்கினான். அமுக்கிக்கிட்டே இருந்தான்.

யாரும் வரலை.

நான் ஓரமா உக்காந்துட்டேன். எனக்கும் பயம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அது எங்கப்பா. "அப்பா, நான்தாம்பா"ன்னேன். பதில் வந்துச்சோ என்னவோ, எனக்குக் கேக்கலை. பூனையைக் கேக்கலாம்னா லைன் எப்பவோ அறுந்துபோயிருந்துச்சு. பையிலேருந்து என் தண்ணி பாட்டிலை எடுத்து அண்ணன்கிட்ட நீட்டினேன்.

"நீ குடு. உன்கிட்டதான் கேக்கிறாரு."

அவன் பாட்டிலைத் தள்ளிவிட்டான். தண்ணி பூரா கம்பளத்துல போச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு, சாப்பிடக் கூப்பிடலாம்னு அண்ணி வந்து வெளியிலேருந்து தள்ளினாங்க. கதவு சாதாரணமாத் திறந்துச்சு. அண்ணன் அவங்க மேல பாய்ஞ்சான். "எவ்வளவு நேரமா பெல் அடிக்கிறேன், செவிடா நீ?"

"பெல்லா?" அண்ணி முழிச்சாங்க. "அதுல பேட்டரியே இல்லைங்க, முந்தாநாளே கழட்டிட்டேன். நீங்க ஆபீஸ் போன பிறகு சும்மா சும்மா அடிச்சுது. இறங்கி வந்து பாத்தா யாரும் இல்லை. தொல்லை தாங்கலைங்க."

அண்ணன் படியிலேயே உக்காந்துட்டான்.

நான் கிளம்பும்போது ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வந்தேன். "தினமும் ஒரு டம்ளர் தண்ணி வை. உன் கையால வை." தலையை ஆட்டினான். அந்த ஆட்டுற தலையை நான் சின்ன வயசுலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன்.

அப்பறம் ரொம்ப நாள் பேச்சு வார்த்தை இல்லை. போன வாரம் மத்தியானம், க்ளினிக்ல ஒரு பெரியவருக்கு மிஷின் மாட்டி அனுப்பிட்டு உக்காந்திருந்தேன். அண்ணன் கூப்பிட்டான். குரல்ல ஒரே உற்சாகம்.

"எல்லாத்தையும் வித்துத் தொலைச்சுட்டேன். கீழ்த்தளத்துக் கதவைச் செங்கல் வெச்சு அடைச்சாச்சு. பெல்லைக் கழட்டிக் குப்பையில போட்டாச்சு. நான் மாடியில என் ரூம்லேருந்துதான் பேசுறேன். இப்பதான் நிம்மதியா இருக்கு, ஒரு சத்தம் கூட இல்லை."

"தண்ணி வெச்சியா அண்ணா?"

"இன்னும் நீ அதை விடலையா? அதான் ஒண்ணும் இல்லைங்கிறேனே."

அவன் மேல மேல பேசிக்கிட்டே போனான். நான் அவன் பேச்சைக் கேக்கலை. அவன் குரலுக்குப் பின்னாடி, ரொம்பக் கிட்ட, ஒரு செருமல் கேட்டுச்சு. ஆயிரம் பேரு செருமினாலும் அதை எனக்குத் தெரியும். அப்பறம் நாக்கு குழறி ஒரு வார்த்தை. கண்ணுலேருந்து பொலபொலன்னு கொட்டிச்சு, துடைக்கக்கூடத் தோணலை. எத்தனை மாசம் கழிச்சு அந்தக் குரலைக் கேக்கிறேன்.

"என்ன, பேச்சே காணோம்? லைன்ல இருக்கியா?"ன்னான் அண்ணன்.

"இருக்கேன் அண்ணா,"ன்னேன். "முதல்ல பின்னாடி அவருக்குத் தண்ணி குடுத்துட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்."