மாசமாயிருப்பவளுக்கு முதல் லட்டு

மத்தியானத்திலிருந்து மின்விசிறிக்குக் கீழே திறந்தே கிடந்த பெட்டியிலிருந்து எடுத்த லட்டு நல்லகாமனின் உள்ளங்கையில் சூடாக இருந்தது. நெய் வாசனைக்கு அடியில், அடுப்பில் மயிர் பொசுங்கியதுபோல் இன்னொரு வாசனை. எழுபத்து நாலாம் வருஷத்து வைகாசி. பாலைவனத்தில் நம் நாடு முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்துவிட்டதாக ரேடியோ சொன்னதிலிருந்து அலுவலகத்தில் எவரும் கோப்பைத் தொடவில்லை. மென்றுகொண்டிருந்தார்கள். இனி எந்தெந்த ஊரைச் சாம்பலாக்கலாம் என்று, மஞ்சள் எச்சில் வழியும் வாய்களோடு சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். இது அமைதிக்கான வெடிப்பு என்று தலைமை எழுத்தர் கைலாசநாதன் திருத்தினார். அதற்கும் சிரித்தார்கள்.

"அமைதிக்கு எதுக்கு மாப்ள குண்டு?" என்று நல்லகாமன் பக்கத்து மேசை மருதுவிடம் கேட்டான்.

"நம்மகிட்ட இருந்தா எவனும் வரமாட்டான். பயந்துபோயி அவனும் ஒண்ணு செஞ்சு வச்சுக்குவான். அப்புறம் ரெண்டு பேரும் சும்மா இருக்க வேண்டியதுதான்." மருது விரல்களை ஒவ்வொன்றாக நக்கினான். "தின்னு மாப்ள. ஒன் வீட்டுக்கும் ஒரு பெட்டி குடுத்தனுப்பிட்டேன். நல்ல சேதின்னா மாசமா இருக்கிறவளுக்குத்தான மொதல்ல குடுக்கணும்."

நல்லகாமன் மென்றான். பல்லிடுக்கில் நகத்துண்டு போல் ஏதோ நெரிந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினான்.

அவன் மனைவி ஒச்சாயிக்கு இது எட்டாம் மாதம். முன்பு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இதுவாவது தங்க வேண்டும்.

அனுமதி கேட்காமலே கிளம்பி, சைக்கிளை மிதித்துக் கோச்சடைக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. கரண்டு இல்லை. காய்ந்த வைகையோரம் இறங்கி வாந்தியெடுத்தான். மணலில் விழுந்தது வெகுநேரம் ஆவி விட்டது. மோந்து பார்க்க வந்த நாய் வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்கியது. தெருவில் காக்கைச் சத்தம் இல்லை, குழந்தைச் சத்தம் இல்லை. இருட்டிய வாசல்களில் ஈரமாக, நிதானமாக மெல்லும் சத்தம் மட்டும் வீட்டுக்கு வீடு கேட்டது.

ஒச்சாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் காலிப் பெட்டி.

"அம்புட்டையுமா தின்ன?"

"பிள்ள விடாமக் கேட்டுச்சு மச்சான்." உதட்டில் ஒட்டியிருந்த துணுக்கையும் நாக்கால் இழுத்துக்கொண்டாள். அவள் மூச்சில் பொசுங்கல் நாற்றம். "வயிறுதான் சுடுது. உள்ள யாரோ வெளக்கு வச்ச மாதிரி இருக்கு."

வீட்டில் விளக்கே ஏற்றவில்லை. ஆனாலும் அவன் நிழல் பின்சுவரில் விழுந்திருந்தது.

கண்ணை மூடினான். மூடிய இமைக்குள்ளும் அவள் வயிறு தெரிந்தது.

வெளிச்சம் ஏறியது. சேலை மறைந்தது. தோல் மறைந்தது. ஒச்சாயி சிரித்துக்கொண்டே இருந்தாள்.

வயிற்றுக்குள் வெண்மை. சின்ன விலா எலும்புகள். சின்ன மண்டை. நெளிந்தது. வெளிச்சம் தாங்காமல், நூல் நூலான விரலெலும்புகளை மெதுவாகத் தூக்கி, அது தன் கண்களைப் பொத்திக்கொண்டது.