மெஷின் ஓடிய நாள்

அப்பா இறந்த இரண்டாவது மாதம், பண்ணை வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அண்ணன் என்னைக் கூப்பிட்டான். மலைமேல் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை எட்டு மணி. குளிர்காலம் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வேலிக்கம்பியிலும் புல்லிலும் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருந்தது.

"சாமான் எல்லாம் உள்ளேதான் இருக்கு. பின்பக்கம் மட்டும் போகாதே. பாம்பு கீம்பு இருக்கும்" என்றான் வாசலில் நின்றிருந்த அண்ணன்.

இந்தக் குளிரில் பாம்பா என்று கேட்க வாயெடுத்து, சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

அந்த வீட்டில் எனக்குப் பிடித்ததெல்லாம் குளிர்காலத்தின் முதல் நாட்கள்தான். விடிவதற்குள் அம்மா பால் கறக்கக் கிளம்பிவிடுவாள். நான் பின்னாலேயே ஓடுவேன். விறைத்துப்போன என் விரல்களை மாட்டின் மடிக்கும் தொடைக்கும் நடுவே செருகிவைத்து, "சூடு ஏறிச்சா, சுண்டு?" என்பாள். அந்தப் பெயரால் என்னை வேறு யாரும் கூப்பிட்டதில்லை.

எனக்கு எட்டு வயதானபோது, இதே போன்றொரு காலையில் அவள் எங்களை விட்டுப் போனாள்.

"பஸ் ஏறிப் போயிட்டா. நான் கண்ணால பார்த்தேன்" என்றான் அண்ணன். அவனுக்குப் பதினைந்து வயது. அழுத என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அடுத்த வாரமே என்னை விடுதியில் சேர்த்தார்கள். முப்பத்தோரு வருடம் அவளைத் திட்டித் தீர்த்தேன். ஒரு போட்டோவைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது பின்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

சர்... சர்...

வாளிக்குள் பால் பீய்ச்சும் சத்தம்.

போய்ப் பார்த்தேன். தொழுவம் வெறுமையாகக் கிடந்தது. கூரையெல்லாம் ஒட்டடை. ஆனால் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. பச்சைப் பாலின் வாசனை.

சத்தம் நின்றது.

"சுண்டு..."

குரல் தொழுவத்துக்குள்ளிருந்து வரவில்லை. சுவருக்குப் பின்னாலிருந்து, எங்கோ கீழேயிருந்து வந்தது.

பின்னால் பழைய கிணறு. விளிம்புவரை கற்களைக் கொட்டி மூடியிருந்தார்கள்.

"சுண்டு, யாரையாச்சும் கூப்பிடு..."

இந்த வார்த்தைகளை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அம்மா போன அன்று. "அம்மா கூப்பிடுறா" என்று சொன்ன என்னிடம், "காத்துடி அது" என்று அண்ணன் காதைப் பொத்தினான். பிறகு தீவனம் வெட்டும் மெஷினை ஓடவிட்டான். வெட்ட ஒரு கட்டுகூட இல்லாமல், பொழுது சாயும்வரை அது ஓடியது.

திரும்பினேன். அண்ணன் நின்றிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அவனுக்கும் கேட்டிருக்கிறது.

"அம்மா உயிரோடதானே இருந்தா?"

அவன் கிணற்றுக் கற்களைப் பார்த்தான்.

"சொல்லுண்ணா."

"சண்டையில அப்பா தள்ளிட்டாரு. மெஷினை நிறுத்தினா என்னையும் தள்ளிடுவேன்னாரு. எனக்கு என்ன வயசு அப்போ?"

"இன்னிக்கு என்ன வயசு? பாம்புன்னுதானே சொன்னே?"

நான் போலீசுக்குப் போன் செய்தேன்.

பொக்லைன் வந்து கற்களை அள்ளி முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அடியில் காய்ந்த சேறு, ஒரு கம்பளிச் சால்வை, உடைந்த வளையல். அவ்வளவுதான். ஓர் எலும்புகூட இல்லை.

"இதை வச்சு நாங்க என்னம்மா பண்றது? உங்க அண்ணன் வேற மாதிரி சொல்றாரே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்பா தள்ளினார்னு நான் சொல்லவே இல்லையே சார்" என்றான் அண்ணன். "அப்பா போன துக்கம், பாவம். என்னென்னவோ கேக்குதுங்கறா."

போலீஸ் ஜீப் போன பிறகு என் தோளைத் தட்டினான். "அழாதே. அம்மா பஸ் ஏறித்தான் போனா."

பதினைந்து வயதில் சொன்ன அதே குரல்.

தனியாகப் போய்க் காரில் ஏறினான். கார் மெல்லத் திரும்பி என்னைத் தாண்டியது. மற்ற கண்ணாடிகளெல்லாம் தெளிவாக இருந்தன. பின் இருக்கைக் கண்ணாடியில் மட்டும், யாரோ அருகில் முகம் வைத்து மூச்சுவிடுவதுபோல் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

அண்ணனைக் கூப்பிட வாய் திறந்தேன்.

கூப்பிடவில்லை.

உள்ளேயிருந்து ஓர் உள்ளங்கை அந்த ஆவியை மெதுவாகத் துடைத்தது.