அரை மில்லி

"செருப்பைப் போடுங்க! போடுங்கன்னு சொல்றேன்ல!"

மழைக்கு ஓடி வந்து, வாசலில் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தவன் திகைத்துப்போய் நின்றான். இரும்பு கடையும் லேத் பட்டறைக்குள் வெறுங்காலோடு வருகிற ஆளை, அங்கே லேத் ஓட்டுகிற அவள் அன்றுதான் பார்க்கிறாள். தரையெல்லாம் இரும்புச் சுருள்... அதற்குள் இரண்டடி வைத்துவிட்டான்.

"ஆ..."

"பார்த்தீங்களா?"

ஸ்டூலில் உட்காரவைத்து, குதிகாலில் ஏறியிருந்த சுருளை இடுக்கியால் பிடுங்கிப் பஞ்சை வைத்து அழுத்தினாள். அவன் தலையிலிருந்து சொட்டிய மழைத்தண்ணீர் அவள் கையில் விழுந்தது.

"கட்டு இப்படிப் போடக் கூடாதுங்க. குறுக்கால ஒரு சுத்து சுத்தணும்."

"ஓஹோ... டாக்டரோ?"

"இல்லைங்க. மருந்துக்கடை."

நிமிர்ந்து முறைத்தாள். ஈர இமைகளுக்குள் இரண்டு கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. காலில் ரத்தம் வழிகிறவன் இப்படியா சிரிப்பான்? அவளுக்கு ஏனோ கோபம் முழுதாக வரவில்லை... முக்கால்வாசியில் நின்றுவிட்டது.

எதிர் லேத்திலிருந்து அப்பா தொண்டையைச் செருமினார்.

அவன் சட்டைக்குள்ளிருந்து ஒரு மருந்துக் கவரை எடுத்தான். கவரின் மேல் 'காலை, மதியம், இரவு' என்று அச்சடித்திருந்தது. உள்ளே எலி கடித்ததுபோல் தேய்ந்து துருவேறிய ஒரு இரும்புப் பின். மாமா தோட்டத்தில் கொடி மூடிக் கிடந்த பழைய குட்டி டிராக்டரை வீட்டு ஷெட்டுக்கு இழுத்து வந்திருக்கிறானாம். கடை மூடியதும் அதைப் பிரித்து, கழுவி, மாட்டுவதுதான் வேலையாம். முன் அச்சைத் தாங்குகிற பின் இது. புதிதாகக் கடைந்து தர வேண்டுமாம்.

"இதுல அளவெடுக்க ஒண்ணுமே மிச்சமில்லையே. பின் போற ஓட்டையை அளந்துட்டு வாங்க" என்று, பிடியில் சிவப்பு நூல் சுற்றிய தன் வெர்னியர் அளவுகோலை நீட்டினாள். யாருக்கும் இரவல் தராத வெர்னியர் அது. அவன் போன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

முதல் பின் லொடலொடவென்று ஆடியதாம், திரும்பி வந்தான். இரண்டாவது உள்ளேயே போகவில்லையாம், மறுபடி வந்தான். மூன்றாவதும் அப்படியே.

"மாத்திரையும் இப்படித்தான் எண்ணிக் குடுக்கறீங்களா?"

"அதுல ஒரு நாளும் தப்பு வந்ததில்லைங்க. இரும்பைத் தொட்டாத்தான் கை நடுங்குது."

"இரும்பைத் தொட்டாவா... பட்டறையைப் பார்த்தாவா?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் காது மடல் சிவந்ததைப் பார்த்ததில், அன்றைக்கு முழுக்க லேத் சத்தம்கூட அவளுக்குப் பாட்டாகக் கேட்டது.

"பேசாம நானே உங்க வீட்டுக்கு வந்து அளந்துக்கறேன். ரெண்டு நிமிஷ வேலை."

"ஐயையோ, வேண்டாம்ங்க! வீடெல்லாம் ஒரே களேபரமா கிடக்கு..."

அவன் பதறிய பதற்றம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்படி என்ன களேபரம்? யார் இருக்கிறார்கள் அங்கே?

அடுத்த முறை மருந்துக் கவர் வரவில்லை. பின்னைச் சுற்றி அரக்கு நிற ரெக்ஸினில் ஒரு உறை இருந்தது. ஓரத்தில் அரிசி அரிசியாக, அச்சு பிசகாத தையல்.

"சீட் தைக்கறவங்க மீந்த துணியில தைச்சுக் குடுத்தாங்க. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க! அவங்க தையல் இருக்கே... மெஷின் தோத்துடும்."

"அவங்களா?"

"ஆமாங்க. வீட்டுக்கே வந்து சீட்டை அளந்துட்டுப் போனாங்க."

வீட்டுக்கே வந்து... அளந்துவிட்டுப் போனாள்! அவளுக்குக் களேபரம் இல்லை. களேபரமெல்லாம் எனக்கு மட்டும்தான்!

உறையை ஒரு விரல் நுனியால் ஓரமாகத் தள்ளினாள். உள்ளுக்குள் குபுகுபுவென்று எரிந்தது. பொறாமைதான், வேறென்ன? முகம் தெரியாத ஒருத்தியின் ஊசியைப் பார்த்து, இருநூறு கிலோ இரும்பைக் கடைகிறவளுக்குப் பொறாமை.

இரண்டு நாள் கழித்து முகமும் தெரிந்தது. சிக்னலில் அவன் ஸ்கூட்டர் நின்றது. பின்னால் ஒருத்தி, புது டிராக்டர் சீட்டைக் குழந்தை மாதிரி மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒல்லியாக, லட்சணமாக, நகத்தில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லாமல்... அவன் ஏதோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிக்கட்டும். நன்றாகச் சிரிக்கட்டும்.

மறுநாள் அவன் வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் அவன் செருப்பைக் கழற்றுவதில்லை.

"இந்தத் தடவை கரெக்டா அளந்துட்டேங்க. இருபத்தஞ்சரை மில்லி. ஞாயித்துக்கிழமை வண்டியை ஓட்டிடலாம்னு இருக்கேன்."

"சீட் ரெடியாயிடுச்சா?"

"பிரமாதமா! முதல்ல அவங்களைத்தான் உட்காரவைக்கணும், அவ்வளவு உழைப்பு..."

அவள் லேத்தைப் போட்டாள். சுருள் சுருளாக இரும்பு உதிர்ந்தது. இருபத்தாறு... இருபத்தைந்தரை... அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். கை நிற்கவில்லை. முதல்ல அவங்களைத்தான் உட்காரவைக்கணுமா? உட்காரட்டும். அச்சு ஆடி, சீட்டோடு சேர்ந்து அவளும் ஆடட்டும்! இன்னும் அரை மில்லி உதிர்ந்தது. சரியாக இருபத்தைந்து. வண்டி லொடலொடத்தால் ஐயா மறுபடி இங்கேதானே வந்து நிற்க வேண்டும்?

கடைந்த சாமான் எதுவும் அப்பா அளந்து பார்க்கும் மைக்ரோமீட்டரைத் தாண்டாமல் வெளியே போகாது. 'நம்ம தப்பால ஒரு சாமான் திரும்பி வந்ததில்ல' என்பது அவர் தினமும் சொல்லும் பெருமை. அன்று அவர் டீ குடிக்கப் போயிருந்தார். அந்தப் பின் அளக்கப்படாமலே வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

அவன் நாளைக்கு வருவான் என்று நினைத்தாள். வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வாசலில் நிழலாடினால் தலை தானாகத் திரும்பியது.

"என்னம்மா, மருந்துக்கடைக்காரரை நாலு நாளா காணோம்?" என்றார் அப்பா, மைக்ரோமீட்டரிலிருந்து கண்ணெடுக்காமல்.

"எனக்கென்னப்பா தெரியும்?"

வேறு பட்டறைக்குப் போய்விட்டானோ? இங்கே கடைந்தது சரியில்லை என்று அங்கே போய்ச் சொல்லியிருப்பானோ? இல்லை, அந்தத் தையல்காரிதான் அழைத்துப் போயிருப்பாளா... சனிக்கிழமை சாயங்காலம் அதற்கும் மேலே ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. நாளைக்கு வண்டியை ஓட்டுகிறேன் என்றானே! ஆடுகிற அச்சோடு மேட்டில் ஏறி, திரும்பி... கவிழ்ந்தால்?

பொறாமையில் வைத்த ஆப்பு அவன் உயிருக்கல்லவா வைத்த ஆப்பு?

ஞாயிறு காலை முதல் வேலையாக இருபத்தைந்தரையில் ஒரு பின் கடைந்து, மைக்ரோமீட்டரில் மூன்று முறை பார்த்து, எடுத்துக்கொண்டு பில் புத்தகத்தில் இருந்த அவன் வீட்டு முகவரிக்கு ஓடினாள்.

ஷெட்டில் எந்தக் களேபரமும் இல்லை. சுவரெல்லாம் மருந்து பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் போல்ட்டும் நட்டும், மேலே முத்து முத்தாக எழுதிய சீட்டு. நடுவில் இடுப்பு உயரத்துக்கு, புது ஆரஞ்சுப் பூச்சில் அந்தக் குட்டி டிராக்டர். டக்டக்கென்று என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அரக்கு சீட்டில், வேறு யார்... அந்தத் தையல்காரியேதான்.

"நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க முதல்ல!"

அவன் பாய்ந்து வந்து என்ஜினை அணைத்தான். வாசலில் மூச்சிரைக்க நின்றவளைப் பார்த்ததும் அவன் முகம் பூவாக மலர்ந்து, உடனே வாடியது.

"நான்... தப்பான பின் குடுத்துட்டேன். அச்சு ஆடும். இறங்குங்க நீங்க" என்றாள் சீட்டில் இருந்தவளிடம்.

"ஆடவே இல்லீங்களே" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாங்க, அது நல்லாத்தான் இருக்கு... அதைக் கழட்ட வேண்டாமே..." அவன் குறுக்கே வந்து நின்றான். காது மடல் சிவந்துவிட்டது.

"தள்ளுங்க."

ஜாக்கியை அவளே வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, பின்னைத் தட்டி எடுத்தாள். புதிதாகக் கொண்டுவந்ததை ஓட்டையில் வைத்து அழுத்தினாள். போகவில்லை. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். நுனிகூட நுழையவில்லை.

கிரீஸ் கையோடு நிமிர்ந்தாள்.

"ஓட்டை இருபத்தஞ்சுதான். நீங்க இருபத்தஞ்சரைன்னுதானே சொன்னீங்க?"

அவன் தரையைப் பார்த்தான்.

"நான் இருபத்தஞ்சரைன்னுதான் சொன்னேன். நீங்க ஏன் இருபத்தஞ்சு போட்டீங்க?"

அவள் கூரையைப் பார்த்தாள்.

சீட்டில் இருந்த பெண்தான் முதலில் சிரித்தாள். "அம்மா தாயே, அந்தப் பட்டறைக்காரி நீங்கதானா? ஒரு சீட் தைக்கிறதுக்குள்ள உங்க லேத், உங்க வெர்னியர், நீங்க போட்ட கட்டுன்னு காது புளிச்சுப்போச்சு. எனக்கே பொறாமையா இருந்துச்சுன்னா பாருங்களேன்... நான் வர்றேன்." இறங்கித் துப்பட்டாவை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

பொறாமையா... இவளுக்கா, என் மேலா? ஒரு வாரமாக எரிந்த வயிற்றில் யாரோ ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது.

"முதல் தடவை நிஜமாவே தப்பா அளந்துட்டேங்க" என்றான் அவன் மெல்ல. "ரெண்டாவதுலருந்து... வேணும்னே. சரியான அளவைச் சொல்லிட்டா அப்புறம் எதைச் சாக்கு வெச்சு வர்றது? நீங்க வீட்டுக்கு வந்து அளந்துட்டா முடிஞ்சுதே கதை."

"அப்புறம் ஏன் வரல?"

"போன வாரம் பின் கச்சிதமா உட்கார்ந்துடுச்சுங்க. உயிரே போயிடுச்சு எனக்கு. என் பொய்யைக் கண்டுபிடிச்சு, 'இனி இந்தப் பக்கம் வராதே'ன்னு சரியான அளவுல போட்டுக் குடுத்துட்டீங்கன்னு நினைச்சேன். எந்த முகத்தை வெச்சுட்டு வருவேன்?"

அவள் கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

"அவங்க ஆடி விழணும்னு குறைச்சுப் போட்டேன். உங்க சீட்காரியைப் பார்த்து வயிறு எரிஞ்சு போட்டேன். நீங்க மறுபடி வரணும்னு போட்டேன். போதுமா? எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைப் பட்டறைக்குள்ளயே விடமாட்டார்."

"எம்மேல... அவ்வளவு கோபமா?"

"கோபமா? கோபம்னா கரெக்டா போட்டிருப்பேனே!" குரல் உடைந்தது. "பிடிச்சிருக்குங்க. முதல் நாளே பிடிச்சிருந்தது."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பிறகு அவன் சட்டைப் பையிலிருந்து சிவப்பு நூல் சுற்றிய வெர்னியரை எடுத்து, அவள் இடது கையைப் பற்றி, மோதிர விரலருகே கொண்டுபோனான்.

"என்ன பண்றீங்க?"

"இன்னொரு அளவு வேணுங்க. இந்தத் தடவை சத்தியமா சரியா எடுப்பேன்."

அவள் வெர்னியரைப் பிடுங்கிக்கொண்டாள். கையை மட்டும் பிடுங்கவில்லை.

"குடுங்க இங்க... உங்க அளவை நம்பி யாராவது மோதிரம் செய்வாங்களா? நானே அளந்து சொல்றேன்."