முதல் உத்தரம்

1993 ஆயுதபூஜை முடிந்து மூன்றாவது வாரம், ராஜபாளையத்து மரமில் முதலாளி சௌந்தரபாண்டியன் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, பரிபூரணத்தின் மேசைமேல் இரண்டு மரத்துண்டுகளை வைத்தார். தடய ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அந்த அம்மாளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று ஊரில் பேச்சு.

"கணுவும் கோணலுமா, யாரும் சீண்டாத மரம்மா. கணுவை அறுத்துத் தள்ளிட்டு, பலகையாக்கி, பசை தடவி அடுக்கி அழுத்தினா தேக்கு உத்தரம் தோத்துப்போகும். ஒரே நாள்ல, ஒரே பசையில பத்து செஞ்சோம். மொத உத்தரம் மட்டும் மண்டபக் கூரைக்கு ஏத்துறப்ப அடுக்கடுக்காப் பிரிஞ்சிருச்சு. இந்தத் துண்டு அதுல வெட்டினது, அது நல்ல உத்தரத்துல வெட்டினது. பத்துக்கும் பசை போட்டவன் தவசிமுத்து. நாப்பது பேரு பாக்க அறைஞ்சு வெரட்டிட்டேன். வேணும்னே செஞ்சான்னு எழுதிக் குடுங்க, போலீசுக்குப் போறேன்."

"அவன் என்ன சொன்னான்?" என்று குறுக்கிட்டார் பரிபூரணத்தின் தம்பி தேவஇரக்கம். துப்பு என்றால் அவருக்குச் சோறு வேண்டாம்.

"வாயே தொறக்கல. அதுலயே தெரியலையா?"

பரிபூரணம் இரண்டு துண்டுகளையும் அளவுகோல் வைத்து அளந்தார். பிரிந்த பக்கத்தை முகர்ந்து பார்த்தார்.

"பசையில தண்ணி கலந்திருப்பான், அக்கா!"

"ஒரே நாளு, ஒரே பசை, ஒரே ஆளு. ஒம்பது நிக்குது, ஒண்ணு பிரியுதுன்னா கோளாறு பலகையிலதாம்லே. மரத்துல ஒரு சிலாம்பு கூடப் பிய்யல, பசை தோலா உரிஞ்சு வருது. வேப்பெண்ணெய் வாடை வேற. யாரு தடவினது அண்ணாச்சி?"

"நாந்தாம்மா. ஆயுதபூஜைக்கு மொத மரத்துக்கு எண்ணெய் தடவுறது எங்க தாத்தா காலத்து வழக்கம். இந்த வருசம் மொத உத்தரத்துக்கு அறுத்து வச்ச பலகைக்குத் தடவினேன். மரத்துக்கு நல்லதுதான?"

"முழு மரத்துக்கு நல்லது. எண்ணெய் குடிச்ச பலகையில பசை பிடிக்காது."

சௌந்தரபாண்டியன் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். தெரியாமல் செய்தது என்று சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மாள் விடவில்லை.

"மத்த உத்தரத்துல பலகை ஒரு அங்குலம். இதுல முக்கால்தான் இருக்கு. எண்ணெயைச் சீவி எடுக்க யாரோ பாத்திருக்காவ, ஊறினது போகல. பசை போடுறதுக்கு முன்னால பலகை யாரு கையில இருக்கும்?"

"தவசிமுத்து கையில."

"அப்ப அவருக்குத் தெரியும். நாப்பது பேரு முன்னால உங்க பூசையைக் குத்தம் சொல்ல மனசில்லாம அடியை வாங்கிக்கிட்டாரு."

எண்ணெய் தடவியதும் இதே கை, அறைந்ததும் இதே கை. சௌந்தரபாண்டியனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இப்பவே அவன் ஊரு தேவதானத்துக்குப் போறேன். அவன் வீட்டுல வச்சு மன்னிப்புக் கேக்கேன்."

"வீட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி. நாப்பது பேரு எங்க நின்னு பாத்தாவளோ, அங்க வச்சுக் கேளுங்க."

மறுநாள் காலை மில் வாசலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பக்கத்தில் தவசிமுத்து நிற்க, சௌந்தரபாண்டியன் பிரிந்த துண்டைத் தூக்கிக் காட்டி, "எண்ணெய் தடவினது நான். தப்பு என்னோடது," என்றார். மன்னிப்புக் கேட்டுக் கும்பிடக் கைகளைத் தூக்கினார்.

தவசிமுத்து முதலாளியின் முகத்தைப் பார்க்காமல், "போதும் மொதலாளி, வேலைக்கு நேரமாச்சு," என்றான். அறை வாங்கியவன் அன்றைக்கும் அவருடைய மானத்தைத்தான் காப்பாற்றினான்.