வைஃபைக்குக் குறுக்கே

இணைய வேகம் கேபிளில் தொண்ணூற்று நான்கு. வைஃபையில் பன்னிரண்டு. ரவுட்டருக்கும் மேசைக்கும் நடுவே எட்டடி வெறும் தரைதான் கிடந்தது. சுவர் இல்லை, பீரோ இல்லை, ஒரு முக்காலிகூட இல்லை. இந்த எட்டடியைத் தாண்ட முடியாத வைஃபையை நம்பித்தான் இரண்டு மாதமாகக் காலம் தள்ளியிருக்கிறேன் என்று கிருபாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"இவ்வளவு கிட்டக்க ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் காட்டணும். இது என்னக்கா இப்படி விழுது?" என்றான் முகம்மது ஆசிக். இணைய இணைப்பைப் பார்க்கத் தென்காசியிலிருந்து சாரலில் நனைந்துகொண்டே பைக்கில் வந்தவன். செல்போனை மேசையின் மறுகோடிக்கு நகர்த்தினான். எண்பத்தெட்டு. பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான். பன்னிரண்டு.

"எது மறைச்சா இப்படி ஆகும்?"

"கனத்த சுவரு, தண்ணித் தொட்டி. ஆளு குறுக்க நின்னாலும் விழும்க்கா, ஒடம்பு முக்கால்வாசி தண்ணிதான. வீட்ல வேற யாரு இருக்காவ?"

"நான் மட்டுந்தான்."

அவன் சிரித்துக்கொண்டே அந்த வெறும் இடத்தில் கையை வீசிப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கையைப் பேண்டில் இரண்டு முறை துடைத்தான். சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், அங்கே நின்றுதான் பேசினான்.

"கேபிள்லயே பேசிருங்கக்கா. வைஃபைய இனிமே பாக்காதீங்க."

கொடுத்த டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது.

ஐந்தருவிச் சாலையில் தள்ளியிருந்த அந்த வீடு, சீசனுக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. அவள் குடிவந்த அன்றே பின்பக்கக் கொடியில் பச்சைக்கரைத் துண்டு ஒன்று ஈரமாகத் தொங்கியது. யாரோ மறந்து போட்டுவிட்டுப் போனது, இந்தச் சாரலில் எதுதான் காய்கிறது என்று விட்டுவிட்டாள். இன்னும் அது ஈரமாகத்தான் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அரை மணி நேரம். அவள் மகள் அவளுக்கு அவ்வளவுதான். ஆறு வயது கிறிஸ்டி ஆலங்குளத்தில் அப்பா ஜோயலிடம் இருந்தாள். பிள்ளை பிறந்த புதிதில் கிருபா மனச்சோர்வுக்குச் சில மாதம் மாத்திரை சாப்பிட்டது உண்மை. அதை வைத்து, 'வீட்டில் இல்லாத ஆளை இருப்பதாகச் சொல்லிப் பயப்படுகிறவள்' என்று விவாகரத்து மனுவில் ஜோயல் கூசாமல் எழுதிவிட்டான். அடுத்த வாய்தா வரை வீடியோவில் பேசிக்கொள்ளலாம் என்றது கோர்ட். போன இரண்டு ஞாயிறும் படம் உறைந்து பேச்சு அறுந்தது. அவளே துண்டித்துவிட்டாள் என்றார் அவன் வக்கீல். இன்றும் அறுந்தால் அந்த அரை மணியும் போய்விடும்.

மூன்று மணி. பார்க்காதே என்று சொல்லிவிட்டால் மனது சும்மா இருக்குமா? கிறிஸ்டி என்றாவது வருவாள் என்று வாங்கி வைத்த சாக்பீஸ் டப்பாவை முதல்முறையாகப் பிரித்தாள். செல்போனைப் பிடித்துக்கொண்டு அறை முழுக்கச் சோதித்து நடந்தாள். வேகம் சரிகிற இடத்திலெல்லாம் தரையில் ஒரு கோடு. எழுந்து பார்த்தபோது, ரவுட்டரை ஒட்டி, ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்குச் சின்ன வட்டம் விழுந்திருந்தது. அதற்குப் பின்னால் மற்றக் கோடுகள் நிழல் மாதிரி மேசை வரை நீண்டிருந்தன.

நான்கு மணிக்கு மறுபடி அளந்தாள். வட்டம் ஓரடி மேசைப் பக்கம் வந்திருந்தது. கேபிளில் அதே தொண்ணூற்று நான்கு.

எங்காவது ஓடிவிடலாம். ஆனால் செல்போன் சிக்னல் சரியாக எட்டாத இந்தப் பக்கத்தில் ஐந்து மணிக்குள் எங்கே போய் எந்த இணைப்பில் பேசுவது? இந்த ஊரில் கதவைத் தட்டிக் கேட்க அவளுக்கு ஒருவரும் இல்லை. அதை நினைத்தபோது பயத்தைவிடத் துக்கம்தான் அதிகமாக வந்தது.

ஆசிக் கொடுத்த கேபிள் அந்த மேசை வரைதான் எட்டியது. சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். ரவுட்டர் முதுகுக்குப் பின்னால். கேபிள் கைவிட்டால் உதவட்டும் என்று செல்போனைத் தன் உடம்பு மறைக்காதபடி இடது கையோரம் வைத்துக்கொண்டாள். லேப்டாப்பில் தன் முகம் தெரியும் சின்னக் கட்டத்தை எப்போதும் போல மறைத்தாள். அழுகிற முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரிக்க வராது.

ஐந்து மணிக்கு கிறிஸ்டி வந்தாள். மேலுதட்டில் பால் கோடு. அத்தனை துல்லியம்.

"அம்மா, பல்லு ஆடுதும்மா!"

"ஏட்டி, நாக்கால தள்ளாத. எங்க, காட்டு பாப்போம்."

பக்கத்தில் ஜோயலின் தோள் தெரிந்தது. அவன் எல்லாவற்றையும் பதிவு செய்வான். கிருபா சிரித்தாள். இடது கை அதுவாகப் போய்ச் செல்போனைத் தட்டியது. எழுபத்தொன்று.

மழை ஓட்டில் ஒரே சீராக இறங்கியது. அதற்குள்ளேயே வேறொரு சத்தம், அறைக்குள், சிமெண்டுத் தரையில். சொட்டு. நெடுநேரம் கழித்து இன்னொரு சொட்டு.

நாற்பது.

வாசனை வந்தது. அருவிக்குப் போகுமுன் உடம்பில் தேய்த்துவிடுகிற மசாஜ் எண்ணெய். ஈரத் தலைமுடி. நாள்பட்ட ஈரம்.

பதினெட்டு.

திரும்பினால் பதிவாகும். எழுந்தால் பதிவாகும். இதோ, இல்லாத ஆளைப் பார்க்கிறாள் என்று கோர்ட்டில் போட்டுக் காட்டுவான்.

"கையெல்லாம் ஏம்மா நடுங்குது?"

"குளிருது செல்லம். இங்கன ஒரே சாரலு."

ஆறு.

பின்கழுத்தில் சில்லிப்பு.

மூன்று.

சிரித்தாள்.

"நேரமாச்சு, அம்மாவுக்கு டாட்டா சொல்லு" என்றது ஜோயலின் குரல். முழுதாக முப்பது நிமிடம். ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை. ஜெயித்துவிட்டாள்.

கிறிஸ்டி கையாட்டினாள். "டாட்டாம்மா."

பிறகு அவள் பார்வை மெல்ல உயர்ந்தது. அம்மாவின் நெற்றியைத் தாண்டி. தலையைத் தாண்டி. நெட்டையான ஒருவரை அண்ணாந்து பார்ப்பது மாதிரி, இன்னும் மேலே. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அங்கேயும் ஒருமுறை கையாட்டினாள்.

திரை அணைந்தது. செல்போனில் பூஜ்யம்.

உச்சி வகிட்டில் ஒரு சொட்டு விழுந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு நெற்றியில் வழிந்தது. கிருபா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.