விரல் முளைத்த நண்டுகள்

நண்டின் இடக் கொடுக்கை ஒடிக்கப் போன அழகம்மாளின் கை பாதியில் நின்றது. கொடுக்கின் இரண்டு பல்லும் பிரிகிற இடத்தில் மூன்றாவதாக ஒன்று முளைத்திருந்தது. நெல்மணி அளவுதான். மற்றவை கறுத்துக் கெட்டியாக இருக்க, இது மட்டும் வெளுத்திருந்தது. அழுத்தினால் குழைந்தது.

ஐப்பசி ஈரத்தில் அவள் புருஷன் மருதைக்கு இருமல் ஓயவில்லை. நண்டு ரசம் வைக்கலாமென்று வரப்பிலிருந்து அவளே பிடித்து வந்தவை அவை. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய குத்தகை நிலத்தின் ஓரத்தில்தான் அவர்களுடைய வீடு. ஓட்டின்மேல் ஒரே சீராக மழை விழுந்துகொண்டிருக்க, வறுபட்ட மிளகின் நெடியும் ஈர விறகின் புகையும் அடுப்படியில் கலந்து நிற்க, மண்சட்டிக்குள் மீதி நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சுரண்டிக்கொண்டிருந்தன. அவள் இன்னொன்றை எடுத்தாள். அதற்கும் அதே இடத்தில். அடுத்ததற்கும்.

அவள் ரசம் வைக்கவில்லை. எல்லாவற்றையும் கொண்டுபோய் வாய்க்காலில் கொட்டினாள். மருதையிடம் மூச்சுவிடவில்லை.

வள்ளிக்கண்ணுவை நினைத்துத்தான் சொல்லவில்லை. அவர்களுக்கு ஒரே மகள். இடக் கையில், கட்டைவிரலை ஒட்டி ஆறாவதாக ஒரு குட்டி விரலோடு பிறந்தவள். போன வருஷம் ஆடியில் கொள்ளிடம் பெருகி வந்த அன்று, மாட்டை அவிழ்த்து ஓட்டிய மருதை மகளையும் கையில் பிடித்துக்கொண்டுதான் கரையேறினான். பாதியில் மண் சரிந்தது. மேலே வந்தபோது அவன் கை வெறுமையாக இருந்தது. பிள்ளையின் உடம்பு கிடைக்கவே இல்லை. "அந்தக் குட்டி விரலு கடைசியா என் உள்ளங்கையில உரசிட்டுப் போச்சு" என்று ஒரே ஒரு தடவை சொல்லி அழுதான். அதற்குப் பிறகு மகளின் பெயரைக்கூட அவன் சொன்னதில்லை.

ஆனால் நண்டுகளை அவனும் பார்த்துவிட்டான்.

ஒரு நாள் வரப்பில் குந்தியிருந்தான். உள்ளங்கையில் ஒரு நண்டு. கன்னமெல்லாம் நனைந்திருந்தது, அன்று மழை இல்லை.

"கீழ போடுங்க" என்றாள் அழகம்மாள்.

"கடிக்கல அழகு. புடிச்சுக்குது, பாரு."

அன்றிலிருந்து அவன் நண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினான். மாட்டுத் தொட்டியில் சேறும் தண்ணீருமாக விட்டு, சோற்றைப் பிசைந்து போட்டான். அவை வளர்ந்தன. கொடுக்குகளும் வளர்ந்தன. கறுப்பு உதிர்ந்து, பற்கள் பிளந்து, நீண்டு, மெலிந்தன. தொட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் அழகம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சேற்று நாற்றத்துக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தையின் தலை வாசனை.

திருச்சியில் ஒரு காலேஜில் லேப் வேலை பார்க்கிற ஸ்தனிஸ்லாஸ், பையன்கள் அறுத்துப் படிப்பதற்காக ஒவ்வொரு மழைக்காலமும் சைக்கிளில் தகர டின்னோடு நண்டு வாங்க வருவார். அந்த வருஷமும் வந்தார். மருதை வயலில் இருந்தான். அழகம்மாள் அவரைத் தொட்டியருகே கூட்டிப்போனாள். மேலே கிடந்த சின்ன நண்டு ஒன்றை அவர் எடுத்துப் பார்த்தார்.

"பயப்படாதீங்கம்மா. சண்டையில கொடுக்கு ஒடிஞ்சா நண்டுக்குத் திரும்ப முளைக்கும். முளைக்கறப்ப அடிபட்டா இப்படிக் கிளை விட்டுரும். எங்க லேப்ல ஒண்ணு பாட்டில்ல இருக்கு."

"எல்லாத்துக்குமா சார்? எல்லாத்துக்கும் ஒரே பக்கமா?"

அவர் சேற்றுக்குள் கைவிட்டு, அடியில் கிடந்த பெரியதை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். கொடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் கொடுக்கு இல்லை. மூட்டுகளில் மெல்லிய மடிப்புகள். நுனியில் நகம். நகக்கண்ணில் அழுக்கு. அது அவருடைய சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டது.

தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல அவர் அதைத் தொட்டிக்குள் விட்டார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அண்ணனைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிருங்கம்மா."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டின் வாசலிலேயே கிடந்தது.

"வையம்பட்டில எங்க அக்கா வீட்டுக்குப் போயிடலாங்க" என்று அன்று மத்தியானம் மருதையிடம் கெஞ்சினாள். "நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கே."

"இவள விட்டுட்டா?"

"அது அவ இல்லீங்க."

மருதை அவளையே பார்த்தான். அவன் கண்களில் கோபம் இல்லை. அவளுக்காக இரக்கப்படுகிறவன்போல் இருந்தான்.

பொழுது சாய்கிற நேரம், துணிகளை மூட்டை கட்டிவிட்டு வெளியே வந்தாள். தொட்டி காலியாக இருந்தது. தொட்டியிலிருந்து வரப்பு வரைக்கும் ஈர மண்ணில் தடம் போயிருந்தது. நண்டு நடந்த தடம் அல்ல. சின்னக் கைகள் ஊன்றி ஊன்றிப் போன தடம்.

"என்னங்க!"

தவளைகள்கூடக் கத்தவில்லை. இருமல் சத்தமும் இல்லை. மேற்கே பெய்த மழையில் வாய்க்கால் நிரம்பி, வயலுக்குள் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. ஓடினாள். வழுக்கி விழுந்தாள். எழுந்து ஓடினாள்.

மருதை வரப்பின் சரிவில் குப்புறக் கிடந்தான். வலக் கை தோள் வரைக்கும் நண்டு வளைக்குள் போயிருந்தது. தண்ணீர் அவன் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"எந்திரிங்க! தண்ணி வருது!"

முகத்தைத் திருப்பினான். சிரித்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் பார்க்கிற சிரிப்பு.

"புடிச்சிருக்கா அழகு. விடமாட்டேங்குறா."

இடுப்பைக் கட்டி இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள். உள்ளிருந்து திருப்பி இழுத்தது. முரட்டுத்தனமாக இல்லை. கடைவீதியில் பிள்ளை அப்பனை இழுக்குமே, அப்படி.

தண்ணீர் அவன் வாய்க்கு வந்தது. மூக்குக்கு வந்தது.

கத்தினாள். ஆளில்லை. அவன் கண்கள் திறந்தபடி இருந்தன. குமிழிகள் வந்தன. பிறகு வரவில்லை. சிரிப்பு மட்டும் தண்ணீருக்கடியில் அப்படியே இருந்தது.

அவள் சேற்றில் கையை ஊன்றி எழப் பார்த்தாள். கை உள்ளே போனது. இன்னொரு வளை.

உள்ளே ஏதோ அவள் மணிக்கட்டைத் தடவியது. ஈரம். குளிர்ச்சி. ஒரு கண்ணாடி வளையலை மேலே தள்ளி, கீழே விட்டது. தள்ளியது. விட்டது. பால் குடித்துக்கொண்டே தூக்கம் வரும்போது வள்ளிக்கண்ணு அப்படித்தான் செய்வாள்.

கையை இழுத்துவிடலாம். பிடிகூட இல்லை.

அழகம்மாள் வரப்பில் படுத்தாள். கன்னத்தைச் சேற்றில் வைத்து, கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டாள்.

"வந்துட்டேன்டி கண்ணு."

மங்கிய வெளிச்சத்தில், வரப்பு நெடுக, மற்ற வளைகளிலிருந்தும் கைகள் வெளியே நீண்டன. சின்னச் சின்னக் கைகள். விரல்களை விரித்து, யாரையாவது எட்டிப் பிடிக்கக் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தன.