தடங்கலுக்கு வருந்துகிறோம்

இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருமுன் பரிமளாவும் ஜெகதீசனும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் எல்லாத் தம்பதிகளும் இப்படித்தான் செய்தார்கள். இதில் காதல் கீதல் என்று எதையும் தேட வேண்டாம். ஐந்து வயதிலேயே எல்லோருடைய கருவிழிக்குள்ளும் கண்திரை பொருத்திவிடுவார்கள். அவரவர் விருப்பத்துக்கு ஏற்ற நிகழ்ச்சியை அது அவரவர் கண்ணுக்குள்ளேயே காட்டும். நாள் முழுக்கக் கண் எதைப் பார்த்தது, எங்கே சிரித்தது, எங்கே கலங்கியது என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். நெற்றியை முட்டினால் ஒருவரின் நாள் மற்றவருக்குச் சுருக்கமாக வந்து சேர்ந்துவிடும். அதன்பின் பேச என்ன இருக்கிறது? சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம்.

அன்று வந்த ஜெகதீசனின் சுருக்கத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அலுவலகம், மேலதிகாரியின் கடுகடுப்பு, மின்தூக்கி எல்லாம் சரியாக வந்தன. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒரே இருட்டு. என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்ததாகச் சொன்னார். யாராவது கண்ணுக்கு ஓய்வு கொடுப்பார்களா? பரிமளாவுக்குச் சந்தேகம் தட்டியது.

அடுத்த வாரமும் அதே இருட்டு. அவர் சட்டையில் வறுத்த வேர்க்கடலை வாசனை வேறு. இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். தட்டில் பீட்ரூட் பொரியலை வைக்கும்போது அவர் கேட்ட கேள்வியைத்தான் பொறுக்க முடியவில்லை.

"இன்னைக்கு உனக்கு எப்படிப் போச்சு?"

சுருக்கம் முழுவதும் சற்றுமுன்தான் அவருக்குப் போயிருக்கிறது. எல்லாம் தெரிந்த பிறகும் ஒரு மனுஷன் இப்படிக் கேட்கிறான் என்றால் எங்கேயோ கேட்டுப் பழகியிருக்கிறான் என்று அர்த்தம். எவளிடம் என்பதுதான் கேள்வி. பரிமளா இன்னும் ஒரு கரண்டி பொரியலை அவர் தட்டில் போட்டாள்.

மறுவாரம் சாயங்காலம் அவர் பின்னாலேயே போனாள். அவர் மின்தூக்கியில் அடித்தளத்துக்கு இறங்கி, எப்போதோ வற்றிப்போன தண்ணீர்த் தொட்டி அறைக்குள் நுழைந்தார். இருக்கட்டும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அவளும் போனாள். வாசலில் மறித்து நின்றவர் அவர்கள் கட்டடத்திலேயே குடியிருந்த பல் மருத்துவர் ரெஜினா.

"கண்ணை அணைச்சிட்டு உள்ள வாங்க. இங்க அது ஒண்ணுதான் கட்டுப்பாடு."

பரிமளா கண்ணை அணைப்பதற்காக நெற்றிப்பொட்டில் விரலை வைத்து அழுத்துவதுபோல் பாவனை செய்தாள், அழுத்தவில்லை. நாளைக்கு இந்த மனுஷன் இல்லவே இல்லை என்று சாதித்தால் முகத்தில் எறிய ஓர் ஆதாரம் வேண்டாமா?

உள்ளே பாய் விரித்துப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே ஒரு மரப்பெட்டி இருந்தது. அதன் முகத்தில் புடைத்த கண்ணாடியும் ஓரத்தில் திருகுக் குமிழ்களும் இருந்தன. கண்ணாடியில் நடுங்கிக்கொண்டே தெரிந்தது ஒரே ஒரு வரிதான்: தடங்கலுக்கு வருந்துகிறோம்.

ஜெகதீசன் திடுக்கிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். அவருக்கு அந்தப் பக்கம் யாராவது பெண் இருக்கிறாளா என்று பரிமளா எட்டிப் பார்த்தாள். வழுக்கைத் தலையர் ஒருவர்தான் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"நிகழ்ச்சி எப்ப ஆரம்பிக்கும்?" என்று சந்தேகம் தீராமல் கேட்டாள்.

"ஆரம்பிக்காது," என்றார் ஜெகதீசன். "மறுபடி வர்ற வரைக்கும் பேசிட்டிருப்போம்."

பிறகு தணிந்த குரலில் விளக்கினார். வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்த புதிதில் தெருவுக்கு ஒரு பெட்டிதான் இருக்குமாம். ஊரே அந்த வீட்டுக் கூடத்தில் கூடுமாம். பாதியில் படம் நின்றுபோனால் இந்த அட்டையைப் போட்டுவிடுவார்களாம். திரும்பி வரும்வரை ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதை பேசுவார்களாம். ரெஜினாவிடம் இருந்த பழைய ஒளிநாடாவில் நிகழ்ச்சியெல்லாம் அழிந்து இந்த அட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. பரிமளாவையும் கூட்டிவர வேண்டும் என்றுதான் நினைத்தாராம். ஆனால் ஒரு விஷயத்தை வாயால் எப்படிச் சொல்லத் தொடங்குவது என்று தெரியவில்லையாம்.

பரிமளா பாதிதான் நம்பினாள். என்ன பேச என்றும் தெரியவில்லை. கடைசியில், இன்று பீட்ரூட் பொரியல் கொஞ்சம்தான் இருக்கிறது, இரண்டு பேருக்கும் காணாது என்று சொன்னாள்.

ஜெகதீசன் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு பீட்ரூட்டே பிடிக்காது. உனக்குப் பிடிக்குமேன்னு சாப்பிடுறேன்."

"எனக்கா? உங்களுக்குப் பிடிக்கும்னுதானே கல்யாணமான நாள்லேர்ந்து அதையே செய்றேன்!"

வழுக்கைத் தலையர் முதலில் சிரித்தார். பிறகு பாய் முழுவதும் சிரித்தது. பரிமளாவுக்குக் கண்ணில் நீர் வந்து, கடலை புரையேறி, ஜெகதீசன் அவள் தலையில் தட்டிவிட்டார். இத்தனை வருஷம் கண் பார்த்ததெல்லாம் சுருக்கத்தில் வந்தது, மனசு விழுங்கியது ஒன்றுகூட வரவில்லையே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் இருவரும் நெற்றி முட்டவில்லை. அதன்பின் எந்த நாளும் முட்டவில்லை. வாயாலேயே பேசிக்கொண்டார்கள். பீட்ரூட் வீட்டைவிட்டுப் போனது.

தன் கண்ணை அணைக்கவில்லை என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. எல்லோர் கண்ணும் குறித்ததைச் சேகரிக்கும் கண்திரை நிறுவனத்துக்கு மறக்கவில்லை. எதுவுமே காட்டாத ஒரு திரைக்கு முன்னால் ஒரு பெண் அப்படிச் சிரித்தது அதன் கணக்கில் அதுவரை இல்லாத அதிசயம்.

சில வாரங்களில் எல்லோர் கண்ணுக்குள்ளும் புதிய வசதி ஒன்று வந்தது. அதன் பெயர் 'தடங்கல்.' அவரவர் மனநிலை பார்த்து, அவரவருக்குப் பிடித்த நிறத்தில், பழைய நடுக்கத்தோடு அந்த வரி வந்து நிற்கும். அதன் விளம்பரத்தில் ஒரு கணவனும் மனைவியும் பீட்ரூட்டைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். ஜனங்கள் சொக்கிப்போனார்கள். தொட்டி அறைக்கு வருவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கண்ணுக்குள்ளேயே கிடைப்பதற்குக் கீழே இறங்குவானேன்? ரெஜினா பெட்டியின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு, யார் காட்டிக்கொடுத்தது என்று ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்க்க ஆரம்பித்தார்.

விளம்பரத்தைப் பார்த்த அன்று ஜெகதீசன் சாப்பிட உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"அன்னைக்கு நீ கண்ணை அணைச்சியா?"

"அணைச்சேனே," என்றாள் பரிமளா. குரல் அவளுக்கே ஒட்டவில்லை.

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அருகில் வந்து குனிந்து, எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு தன் நெற்றியை நீட்டினார். அவள் தயங்கினாள். நடந்ததைச் சொல்லிவிடலாம், வாயைத் திறந்தால் போதும். ஆனால் நீட்டிய நெற்றியை மறுத்தால் அதுவே ஒப்புக்கொண்டதாகிவிடும். முட்டினாள்.

முட்டாமல் விட்ட நாட்களின் சுருக்கமெல்லாம் சேர்ந்து அவருக்குப் போனது, தொட்டி அறை நாளும் அதில் இருந்தது. அவர் முகம் மாறியது. என்னவோ கேட்க உதட்டைப் பிரித்தார். அவளும் சொல்ல வாயெடுத்தாள். இருவர் நெஞ்சும் படபடப்பதைக் கண்திரை கவனித்துவிட்டது. அவர் கண்ணில் நீல நிறத்திலும் அவள் கண்ணில் மஞ்சள் நிறத்திலும் அந்த வரி வந்து நின்றது: தடங்கலுக்கு வருந்துகிறோம்.

அது முடியும்வரை இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.